மடிக்கணினிகளின் குணதோஷ விசாரம்

ஆனி மாதம் பிறந்து கல்லூரிச் சேர்க்கை முடியும் தறுவாயில், எனக்குத் தெரிந்த குடும்பங்களிலிருந்து ஒரே கேள்வி வெவ்வேறு குரல்களில் வந்துகொண்டிருக்கும். "மாமா, எந்த லேப்டாப் நல்லது?" என்று நண்பரின் மகள் கேட்பாள்; "ஐம்பதாயிரத்துக்குள் எது உசத்தி, நீங்களே ஒன்று சொல்லிவிடுங்கள்" என்று அவள் தகப்பனார் பின்னாலிருந்து குரல் கொடுப்பார். மாட்டுச் சந்தையில் சுழி பார்த்துச் சொல்லும் கிழவரின் ஸ்தானத்தை எனக்கு யார் அளித்தார்கள் என்று அறியேன். அந்தக் கிழவருக்கு இருக்கும் வசதியும் எனக்கில்லை. மாட்டின் சுழி மாட்டின் மேலேயே இருக்கிறது, யந்திரத்தின் சுழியோ அதன் பெட்டிமேல் அச்சடித்திருக்கும் எண்களில் பெரும்பாலும் இருப்பதில்லை.

மடிக்கணினி என்ற பெயரே ஒரு சிறு பொய். தயாரிப்பாளர்கள் கொடுக்கும் கையேட்டைப் புரட்டினால், யந்திரத்தை நெடுநேரம் மடியில் வைத்துக்கொள்ள வேண்டாம், அடிப்பக்கத்துக் காற்றுத் துளைகளைத் துணியால் அடைக்க வேண்டாம் என்ற எச்சரிக்கைகளே கண்ணில் படும். ஆகவே நம் பாட்டிமார்கள் 'மடி' என்று எதைச் சொன்னார்களோ அந்த அர்த்தத்தில்தான், அதாவது தொடாதே, தள்ளி நில் என்ற அர்த்தத்தில்தான், இவற்றுள் பல தம் பெயருக்குப் பாத்திரமாகின்றன.

இந்தச் சாதனத்தின் பூர்வ சரித்திரத்தைச் சற்றே பார்க்க வேண்டும். ஏனெனில் இன்றைய யந்திரங்களிடம் நாம் காணும் குறைகள் புதிதாக வந்து ஒட்டிக்கொண்டவையல்ல, உடன்பிறந்தவை. 1981ஆம் ஆண்டு அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஆஸ்பார்ன் 1 என்பதே, ஊர்விட்டு ஊர் தூக்கிச் செல்லத்தக்க கணினியென்று சொல்லிக்கொண்டு சந்தையில் பெருவெற்றி கண்ட முதல் யந்திரம். அதை உருவாக்கிய ஆடம் ஆஸ்பார்ன் நமக்கு முற்றிலும் அந்நியரல்லர். ரமண மகரிஷியின் அடியவராய்த் திருவண்ணாமலையில் வாழ்ந்து, ஆசிரமத்தின் 'மௌண்டன் பாத்' பத்திரிகையைத் தொடங்கி நடத்திய ஆர்தர் ஆஸ்பார்னின் புதல்வர் அவர். அருணாசலத்தின் அடிவாரத்தில் பிள்ளைப் பிராயத்தைக் கழித்து, அமெரிக்கா சென்று, செல்வமும் கீர்த்தியும் வந்த வேகத்திலேயே போகக் கண்டு, இறுதியில் 2003ஆம் ஆண்டு கொடைக்கானலில் காலமானார். அவருடைய யந்திரம் ஏறக்குறைய 11 கிலோ எடையுள்ளது. விலை 1,795 டாலர். திரை 5 அங்குலம். உள்ளமைந்த பேட்டரி கிடையாது. தையல் மெஷினைப் போலக் கைப்பிடியைப் பற்றித் தூக்கிக்கொண்டு போய், போன இடத்தில் சுவரில் மின்சாரம் இருந்தால்தான் பிரயோஜனம். தூக்கலாம், ஆனால் தூக்கிய இடத்தில் இயங்காது.

இதற்கு நேர்மாறான வழியில் சென்றது ஜப்பானிய எப்சனின் எச்எக்ஸ்-20. 1.6 கிலோ எடையில், ஒரு தாளின் பரப்பளவில், பேட்டரியின் பலத்தில் பல மணி நேரம் ஓடிய அந்த யந்திரத்தில், ஒரே சமயத்தில் காணக்கூடியது வரிக்கு 20 எழுத்தாக 4 வரிகள் மட்டுமே. 1983இல் வந்த டாண்டியின் மாடல் 100, சாதாரணக் கடையில் கிடைக்கும் 4 பென்சில் பேட்டரிகளில் ஏறத்தாழ 20 மணி நேரம் ஓடி, 8 வரிகளைக் காட்டி, வெளியூர் சென்று செய்தி அனுப்பும் பத்திரிகை நிருபர்களின் பிரியத்தைச் சம்பாதித்தது. இவ்விரண்டுக்கும் இடையில், 1982இல், பில் மோக்ரிட்ஜ் என்னும் வடிவமைப்பாளர் கிரிட் காம்பஸ் என்ற யந்திரத்தில் திரையை விசைப்பலகையின்மேல் புத்தகம்போல் மடித்து மூடும் உபாயத்தைக் கண்டார். இன்றளவும் உலகம் அந்த உபாயத்தை விட்டு விலகவில்லை. ஆனால் அதன் விலையோ 8,150 டாலர். ராணுவத்தாரும் விண்வெளி ஓடம் செலுத்தியவர்களும் வாங்கினார்கள்.

எடை, வலிமை, பேட்டரியின் நீடிப்பு, விலை ஆகிய நான்கையும் ஒருங்கே திருப்திப்படுத்துவது, கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை என்ற கதைதான் என்பதை அந்த முதல் இரண்டு ஆண்டுகளே நிரூபித்துவிட்டன. பின்னர் வந்தவை யாவும், எதை விட்டுக்கொடுப்பது என்பதில் மட்டுமே ஒன்றுக்கொன்று மாறுபட்டன. 1989இல் ஆப்பிள் நிறுவனம் எதையும் விட்டுக்கொடுக்க மாட்டேனென்று பிடிவாதம் பிடித்து, ஈய அமிலப் பேட்டரியோடு 7 கிலோவுக்கு மேற்பட்ட மாக்கின்டாஷ் போர்ட்டபிளை வெளியிட்டது, ஜனங்கள் வாங்கவில்லை. இரண்டே ஆண்டில், 1991இல், அதே நிறுவனம் பவர்புக்கில் விசைப்பலகையைத் திரைப்பக்கம் தள்ளி, முன்புறத்தில் மணிக்கட்டு ஊன்ற இடம் விட்டது. இன்று எந்த யந்திரத்தைத் திறந்தாலும் காணும் அமைப்பு அதுவே. அதே 1991இல் சோனி நிறுவனம் லித்தியம் அயனிப் பேட்டரியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது; அதற்கு அடிகோலிய குடினஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவரும் 2019இல் நோபல் பரிசு பெற்றபோது, நம் மடிமேலிருந்த பாரத்தைக் குறைத்தவர்களுக்கு இவ்வளவு தாமதமாகவா மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

இனி இக்காலத்து யந்திரங்களுக்கு வருவோம். கடைக்காரர் முதலில் சொல்வது செயலியின் பெயரை. நாம் முதலில் கேட்க வேண்டியது அதன் உஷ்ணத்தை. செயலி உறிஞ்சும் மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகவே மாறி, அந்த மெல்லிய உடலைவிட்டு எப்படியாவது வெளியேறியாக வேண்டும். வெளியேற வழியில்லையெனில், செயலி தன்னைத் தானே காத்துக்கொள்ளும்பொருட்டு வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. கடையின் குளிர்பதன அறையில் பத்து நிமிடம் அம்பாய்ப் பாய்ந்த யந்திரம், சித்திரை வெயிலில் மின்விசிறிக்கடியில் ஒரு மணி நேரம் வேலை வாங்கினால் மாட்டுவண்டியாவது இதனால்தான். இன்டெல் செயலிகளின் பெயரில் கடைசியில் நிற்கும் எழுத்து இவ்விஷயத்தைக் கொஞ்சம் காட்டிக்கொடுக்கும்: பல ஆண்டுகளாக வழங்கிவந்த கணக்கில் யூ என்பது 15 வாட், எச் என்பது 45 வாட், எச்எக்ஸ் என்பது 55 வாட் அளவைக் குறிப்பன. ஒரே குலப்பெயர் கொண்டு, ஒன்று பேனா பிடிக்கும் குமாஸ்தாவாகவும் மற்றொன்று கோதாவில் இறங்கும் பயில்வானாகவும் இருப்பதை, அந்தக் கடைசி எழுத்தைப் பார்க்காதவர் அறிய மாட்டார்.

எண்களிலும் சூட்சுமம் உண்டு. ஏஎம்டி நிறுவனம் 2022இல் வெளியிட்ட ரைசன் 5 7520யூ என்ற செயலியின் பெயர், அவ்வாண்டின் புத்தம்புதிய சரக்கு என்ற எண்ணத்தைத் தரும். அதன் உள்ளமைப்போ 2019இல் அறிமுகமான ஜென் 2. அந்த எண்ணின் மூன்றாவது இலக்கமாகிய 2 என்பதே அந்த ரகசியம். அது 3 ஆனால் ஒரு தலைமுறை இளையது, 4 ஆனால் இரு தலைமுறை இளையது. மறைக்கவில்லை, எழுதித்தான் இருக்கிறது என்று நிறுவனத்தார் வாதிக்கலாம். ஜாதகக் கட்டத்தில் எல்லாம் எழுதித்தான் இருக்கிறது, வாசிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர்?

விளையாட்டுக்கென்று விற்கப்படும் கனத்த யந்திரங்களில் இந்த மாயம் உச்சத்தை அடைகிறது. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060 என்ற வரைகலைச் செயலியை மடிக்கணினியில் 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எந்த அளவில் வேண்டுமானாலும் பொருத்தலாம். பெயர் ஒன்றே, வலிமையில் எத்தனையோ பேதம். இவ்வகை யந்திரங்களுக்கு என்னுடைய எதிர்ப்பு எதுவுமில்லை. சலனப்படம் தொகுப்பவரும், கட்டட வரைபடங்களை முப்பரிமாணத்தில் சுழற்றிப் பார்க்கும் மாணவரும் இவற்றால் மெய்யாகவே பயனடைகிறார்கள். ஆனால் இரண்டரைக் கிலோ யந்திரமும், செங்கல் போன்ற அடாப்டரும், பேட்டரியில் ஓடும்போது பாதியாகச் சுருங்கும் வேகமும் சேர்ந்து, ஆஸ்பார்னின் தையல் மெஷினையே நினைவூட்டுகின்றன. எப்போதும் மின்சாரத்தில் செருகியபடி, எப்போதும் சூட்டில், எப்போதும் நூறு சதவீதம் நிறைந்த நிலையில் கிடக்கும் பேட்டரி அற்பாயுசாகப் போவதும், சில சமயம் உப்பிக்கொண்டு டச்பேடை மேலே தள்ளுவதும் கண்கூடு. எண்பது சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளும் ஏற்பாடு இப்போது பெரும்பாலான யந்திரங்களில் இருக்கிறது; அதைத் தேடி முடுக்கிவைப்போர் சொற்பம்.

உஷ்ணப் பிரச்னைக்குச் சமீப காலத்தில் கிடைத்த மிகப்பெரிய விடை, 2020 நவம்பரில் ஆப்பிள் வெளியிட்ட எம்1 என்ற செயலி. கைபேசிகளை இயக்கும் ஆர்ம் மரபில் வந்த அதைத் தாங்கிய மாக்புக் ஏர், விசிறியே இல்லாமல், சத்தமே இல்லாமல், காலையில் பேட்டரியை நிரப்பினால் மாலைவரை அடாப்டரைத் தேடாமல் வேலை செய்தது. அதன் புகழ்ச்சிகளில் மிகை இருந்தாலும் அடிப்படை உண்மை, 1.3 கிலோவுக்குள் இத்தனை வேகமும் இத்தனை நீடிப்பும் அதற்குமுன் எந்த யந்திரத்திலும் கூடியதில்லை. விசிறி இல்லாத காரணத்தால் நெடிய கடுவேலையில் அது சற்றே தளரும் என்பது சிறு குறை. பெருங்குறை வேறிடத்தில் இருக்கிறது. நினைவகமும் சேமிப்பகமும் உள்ளேயே நிரந்தரமாகப் பற்றவைக்கப்பட்டவை. வாங்கும் நாளில் எடுத்த தீர்மானமே சாசுவதம். 2020இல் அடிப்படை மாதிரியில் அளித்த 8 ஜிபி நினைவகம் போதாதென்று 2024இல் அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டு 16 ஜிபி ஆக்கியது. இடையில் வாங்கியவர்கள் பெருமூச்சு விடலாம், ஒரு சில்லை வாங்கிச் செருக முடியாது. மேலும், கணக்கெழுதும் டேலியோ, இயந்திரவியல் மாணவர் கற்கும் சாலிட்வொர்க்ஸோ அதில் நேராக ஓடா. நம் அச்சகங்கள் சிலவற்றில் பழைய எழுத்துருக்களோடு இன்னமும் உயிர்வாழும் பேஜ்மேக்கரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

விண்டோஸ் உலகமும் 2024இல் குவால்காமின் ஸ்னாப்டிராகன் எக்ஸ் செயலிகளைக் கொண்டு அதே ஆர்ம் மார்க்கத்தில் அடியெடுத்து வைத்தது. பேட்டரி நீடிக்கிறது; பழைய மென்பொருள்களில் பெரும்பகுதி மொழிபெயர்ப்பு முறையில் ஓடுகிறது; ஆயினும் சாதனங்களை இயக்கும் டிரைவர்கள் அவ்வாறு ஓடா. வீட்டில் பத்து வருஷமாக உழைக்கும் பிரின்டருக்குப் புதிய டிரைவர் எழுதப்படாவிட்டால், யந்திரம் எத்துணை நவீனமாயினும் ஒரு தாளும் வெளிவராது. கூகிளின் குரோம்புக்கோ, 2011 முதல், உலாவியே போதும் என்ற சந்நியாச லட்சியத்தோடு வருவது; மலிவு, எளிமை, வைரஸ் பயமின்மை ஆகியவை அதன் குணங்கள். இணையம் அறுந்தால் பாதி உயிர் போய்விடும் என்பது தோஷம். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அது போதும் என்பது என் அபிப்பிராயம்.

விசைப்பலகையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். எழுதிப் பிழைப்பவனுக்கு அதில் பட்சபாதம் இருப்பதை மறைப்பானேன்? ஐபிஎம் நிறுவனம் 1992இல் வெளியிட்ட திங்க்பேட் 700சி, ரிச்சர்ட் சாப்பரின் கைவண்ணத்தில் கறுப்புப் பேழைபோல் உருவாகி, நடுவில் சிவப்புக் குங்குமப் பொட்டு வைத்த விசைப்பலகையோடு வந்தது. அந்தப் பொட்டு, கையை விசைகளிலிருந்து எடுக்காமலே சுட்டியை நகர்த்தும் சாதனம். 2005இல் அவ்வணிகம் லெனோவாவுக்குக் கைமாறியபின்பும், 2012இல் விசைகள் தட்டையானபின்பும், விசை கீழிறங்கும் ஆழம் மாதிரிக்கு மாதிரி குறைந்துவந்த பின்பும், அந்தப் பரம்பரையின் விசைப்பலகை இன்னமும் விரலுக்கு இதமாகவே இருக்கிறது. மெலிவின் மோகம் விசையை என்ன பாடு படுத்தும் என்பதற்கு எதிர்முனையில் உதாரணம், ஆப்பிள் 2015 முதல் 2019 வரை கையாண்ட வண்ணத்துப்பூச்சி அமைப்பு. யந்திரம் மெலிய வேண்டுமென்று விசையின் அசைவை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைத்ததன் பலனாக, ஒரு தூசி உள்ளே புகுந்தாலும் விசை செயலற்றது அல்லது ஓர் எழுத்துக்கு இரண்டாக அடித்தது. கடைசியில் பழைய அமைப்புக்கே திரும்பிய அந்த நிறுவனம், அமெரிக்காவில் தன்மேல் தொடுக்கப்பட்ட வழக்கில் 2022இல் 5 கோடி டாலருக்கு உடன்பாடு செய்துகொண்டது.

தமிழில் தட்டெழுதுவோருக்கு இவ்விஷயம் இன்னும் ஒரு படி முக்கியம். 1999இல் சென்னை மாநாட்டையொட்டி நிலைபெற்ற தமிழ்99 அமைப்பில், உயிரெழுத்துகள் இடக்கையிலும் மெய்கள் வலக்கையிலும் மாறிமாறி வருவதால், விசைகளின் வரிசை சிறிதளவு சுருங்கினாலும் விரல் உடனே தடுமாறும். விண்டோஸ், மாக், லினக்ஸ் மூன்றிலும் இவ்வமைப்பு கிடைக்கிறது. ஆதலால் மென்பொருள் அளவில் தமிழுக்கு எந்த யந்திரமும் அந்நியமன்று. விலை மலிந்த 15 அங்குல யந்திரங்களில் வலப்பக்கத்தில் எண் விசைகளை நெருக்கித் திணித்து, எழுத்து விசைகளை இடப்புறம் தள்ளிவிடுகிறார்கள். அடிப்பவர் நாள் முழுவதும் ஒருச்சாய்ந்து உட்கார்ந்திருப்பார். வங்கிக் குமாஸ்தாவுக்கோ அந்த எண் விசைகள் வரம்.

திரையைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. 250 நிட் பிரகாசத்தில் வரும் மலிவான திரை அறைக்குள் போதும், ஜன்னலோரம் போதாது. 400க்கு மேல் இருந்தால் நிம்மதி. நீளவாட்டில் 16:9 என்பதைவிட 16:10 என்ற விகிதம், படிப்பவர்க்கும் எழுதுவோர்க்கும் பக்கத்தில் இரண்டு மூன்று வரிகளைக் கூட்டிக் கொடுக்கும். ஓலெட் திரையின் கருமை அற்புதம். ஆனால் அசையாத உருவம் ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றால் அதன் நிழல் தங்கிவிடக்கூடும்.

ஐம்பதாயிரம் ரூபாய்ச் சந்தையில் நான் கண்ட பெருங்குறை, எந்த விளம்பரத்திலும் இடம்பெறாத கீல். பெயர் வேண்டாம், ஒரு பிரபல நிறுவனத்தின் யந்திரம் என்னிடம் இருந்தது. ஓராண்டு உத்தரவாதம் முடிந்து இரண்டாவது மாதம், மூடியைத் திறந்தபோது பட்டென்று ஒரு சப்தம். திரையின் இடமூலை பிளந்து நின்றது. சேவை மையத்தில் மேல்மூடி, அடிமூடி, திரைச்சட்டம் எல்லாம் சேர்த்து மாற்றவேண்டுமென்று பதினோராயிரம் கேட்டார்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். ரிச்சி தெருவில் மாடியறையில் இருந்த ஓர் இளைஞரிடம் கொண்டுபோனேன். அவர் திறந்து காட்டி, "பாருங்க சார், கீல் ஸ்டீல்தான்; அதைப் பிடிச்சிருக்கிறது பிளாஸ்டிக்" என்றார். பிளாஸ்டிக்கில் பதித்த பித்தளை மரைகள் நான்கும் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தன. அரால்டைட் வைத்து, நீளத் திருகாணி போட்டு, எழுநூறு ரூபாய்க்கு முடித்துக் கொடுத்தார். அன்றிலிருந்து கடைக்குப் போனால் நான் முதலில் செய்யும் பரீட்சை, மூடியை ஒரு மூலையில் மட்டும் பிடித்து மெல்லத் திறந்து, உடல் முறுக்கிக்கொள்கிறதா என்று பார்ப்பதே. விற்பனையாளர்களுக்கு அது பிடிப்பதில்லை.

பழுதுபார்க்கும் வசதியை யந்திரத்தின் குணங்களுள் ஒன்றாக எண்ணும் நோக்கு மேலை நாடுகளில் இப்போதுதான் வலுப்பெறுகிறது. பிரான்ஸ் நாட்டில் 2021 முதல் மடிக்கணினிக்குப் பழுதுபார்ப்புத் தகுதிக்கென்று மதிப்பெண் போட்டு விற்கவேண்டும் என்பது சட்டம். அதே 2021இல் தன் முதல் மடிக்கணினியை வெளியிட்ட அமெரிக்காவின் பிரேம்வொர்க் நிறுவனம், திருப்புளியையும் பெட்டியிலேயே வைத்துக் கொடுத்து, திரை, விசைப்பலகை, பேட்டரி, தாய்ப்பலகை ஆகிய ஒவ்வொன்றையும் வாங்கியவரே கழற்றி மாற்றலாம் என்று காட்டியது. அதே உடலில் பிந்தைய தலைமுறைச் செயலியையும் ஏற்றலாம். அதற்கீடாகக் கூடுதல் விலையும், மாக்புக்கைவிடக் குறைந்த பேட்டரி நீடிப்பும் பொறுத்துக்கொள்ள வேண்டியவை. நம் ஊர்க் கடைகளில் அதை அடுக்கிவைத்து யாரும் விற்பதில்லை.

நம் நாட்டில் இந்தப் பாடத்தை ஒரு பெரிய அளவில் நடைமுறையில் கண்டவர்கள், தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் மாணவர்கள். வீட்டில் முதன்முதலாக ஒரு கணினியைத் தொட்ட லட்சக்கணக்கான குடும்பங்களுக்கு அது செய்த உபகாரத்தைக் குறைத்துச் சொல்பவன் நானல்லன். அந்த யந்திரங்கள் மெல்லியவையுமல்ல, வேகமானவையுமல்ல. ஆனால் கழற்றக்கூடிய பேட்டரியும், மாற்றக்கூடிய நினைவகமும் கொண்ட அக்காலத்து அமைப்பினால், ஊர்தோறும் பழுதுபார்க்கும் பையன்களுக்குப் பாடப்புத்தகமாயின. பேட்டரி செத்தபின்னும் அடாப்டரைச் செருகியே ஓட்டி, அண்ணன் படித்து முடித்து, தம்பி கைக்கு வந்தவற்றை நான் பார்த்திருக்கிறேன்.

பழைய யந்திரம் வாங்குவோர்க்கு ஒரு தேதி முக்கியம். விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பது, இன்டெல்லைப் பொறுத்தமட்டில், எட்டாம் தலைமுறைச் செயலி முதல்தான். 2018இல் வந்த திங்க்பேட் டி480 இந்தக் கோட்டுக்கு இப்பக்கம் நிற்கிறது. அதற்கு முந்தைய ஆண்டு வந்த டி470, உடலில் ஏறக்குறைய இரட்டைப் பிள்ளையாயிருந்தும், அப்பக்கம் விழுந்துவிட்டது. லினக்ஸ் போடத் தெரிந்தவருக்கு இந்தக் கோடே இல்லை. அவர் டி470ஐ இன்னும் மலிவாக வாங்கிக்கொள்ளலாம்.

இக்கட்டுரையை அடித்த யந்திரமும் டி480தான். உள்ளே ஒரு பேட்டரி, பின்புறம் கழற்றக்கூடிய மற்றொரு பேட்டரி. ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்னதை உருவிவிட்டு வேறொன்றைச் செருகலாம். நினைவகத்தை நானே கூட்டினேன், விசைப்பலகையை ஒருமுறை மாற்றினேன். திரை மட்டும் அழுது வடியும். பக்கவாட்டில் பார்த்தால் வெளிறிப்போகும், திண்ணைக்குக் கொண்டுபோனால் எழுத்தே தெரியாது. இவ்வளவையும் நண்பரின் மகளிடம் ஒரு மாலை முழுவதும் விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, மறுநாள் வெள்ளி நிறத்தில் மெல்லியதாக ஒன்றை வாங்கி வந்து காட்டினாள். மூடியை ஒரு மூலையில் பிடித்துத் திறந்து பார்த்தேன், உடல் முறுக்கவில்லை.